நிழல் காட்டிய நேரம்

அருகன் திருவடி போற்றி. 

சமண இல்லங்களில் மாலைதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘பொழுது இருக்கிறதா?’ பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குச் சோறு பிசைந்தபடியே தாய் அதைக் கேட்பாள். வயலிலிருந்து திரும்பிய தந்தை கைகால் கழுவிக்கொண்டே கேட்பார். முற்றத்தில் நிற்கும் யாரேனும் ஒருவர் மேற்கு வானத்தை நோக்கி விடை சொல்வார். இன்று அந்தக் கேள்வி பல வீடுகளில் மாறிவிட்டது. ‘மணி ஆறாகிவிட்டதா?’ என்றே கேட்கின்றனர். இரண்டும் ஒரே கேள்விபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. முன்னது கதிரவனைக் கேட்கிறது; பின்னது சுவரில் மாட்டிய இயந்திரத்தைக் கேட்கிறது. இந்த வேறுபாட்டின் பொருளை உணர வேண்டுமாயின், கடிகாரம் இல்லாத காலத்தில் துறவோர் பொழுதை எவ்வாறு அறிந்தனர், கூடிக் குறையும் பகலுக்கேற்பத் தம் நாளை எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பதைக் காண வேண்டும்.

அக்காலத் தமிழகத்தில் நேரத்தை அளக்கக் கருவி இல்லாமலில்லை. நாழிகை வட்டிலில் நீர் அளந்து அரசனுக்குப் பொழுது அறிவித்த நாழிகைக் கணக்கரைச் சங்க இலக்கியம் குறிப்பிடுகிறது. அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். ஆனால் நாழிகை வட்டில் அரண்மனையின் உடைமை. பிஞ்சியும் கமண்டலமும் அறநூலும் தவிர வேறொன்றும் வைத்துக்கொள்ளாத திகம்பர முனிவர் அதைச் சுமந்து திரிய இயலாது. உடைமை துறந்தவரிடம் எஞ்சியிருந்த கருவி ஒன்றே ஒன்று: அவருடைய உடல். வெயிலில் நின்றால் உடல் நிழல் தரும். அந்நிழலைத் தம் பாதத்தாலேயே அளக்கலாம். உயரமானவரின் நிழல் நீளம். ஆனால் அவருடைய பாதமும் பெரிது. குள்ளமானவரின் நிழல் குறுகியது. அவருடைய பாதமும் சிறிது. ஆகவே யார் அளந்தாலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வரும். எவரிடமும் எதையும் கேட்டுப் பெறாமல் நேரம் அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை.

சுவேதாம்பர மரபினர் போற்றும் உத்தராத்யயன சூத்திரத்தின் 26-ஆம் அத்தியாயம் துறவியின் நாளை முறைப்படுத்துகிறது. பகல் நான்கு பங்கு. இரவு நான்கு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் பௌருஷி என்று பெயர். புருஷன், அதாவது ஆள், என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பகலின் முதற்பங்கில் நூல் ஓதல், இரண்டாம் பங்கில் தியானம், மூன்றாம் பங்கில் பிச்சை ஏற்றல், நான்காம் பங்கில் மீண்டும் ஓதல். இரவின் முதற்பங்கில் ஓதல், இரண்டாவதில் தியானம், மூன்றாவதில் உறக்கம், நான்காவதில் மீண்டும் ஓதல்.

முதற்பங்கு முடிந்ததை எவ்வாறு அறிவது? அதற்கும் அந்நூலே அளவு தருகிறது. ஆஷாட மாதத்தில் நிழல் இரண்டு அடி. பௌஷ மாதத்தில் நான்கு அடி. சைத்ரத்திலும் ஆச்வினத்திலும் மூன்று அடி. ஏழு இரவுகளுக்கு ஒரு விரற்கடை, ஒரு பக்கத்துக்கு இரண்டு விரற்கடை, ஒரு மாதத்துக்கு நான்கு விரற்கடை என்று நிழல் கூடும் அல்லது குறையும். இங்கு அடி என்பது பன்னிரண்டு விரற்கடை கொண்டது. ஆறு மாதத்தில் இருபத்து நான்கு விரற்கடை கூடினால் இரண்டு அடி நான்கு அடியாகும், கணக்கு பிசகவில்லை. திகம்பர மரபில் முனிவர் ஒழுக்கத்தை உரைக்கும் வட்டகேரரின் மூலாசாரமும் ஆஷாடத்தில் இரண்டு அடி, பௌஷத்தில் நான்கு அடி என்றே நிழலளவைக் கூறுகிறது. இரு மரபும் பிரிந்த பின்னும் கதிரவனை அளக்கும் முறையில் பிரியவில்லை என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வளவு வெறும் ஏட்டுக் கணக்கா, கண்ணால் கண்ட உண்மையா? இரண்டு அடி உயரமுள்ள கோல் ஒன்றை மகத நாட்டில், இன்றைய பாட்னா இருக்கும் இடத்தில், நட்டதாகக் கொண்டு கணக்கிட்டால் விடை கிடைக்கும். ஆண்டின் மிக நீண்ட பகலில் கால்பங்கு கழிந்த வேளையில் அக்கோலின் நிழல் ஏறத்தாழ இரண்டு அடி. மிகக் குறுகிய பகலில் கால்பங்கு கழிந்த வேளையில் நான்கு அடிக்குச் சற்றே குறைவு. இடைப்பட்ட மாதங்களில் நூல் சொல்லும் அளவுக்கும் வானத்துக்கும் சிறிது வேறுபாடு உண்டு. நூல் எளிமை கருதி மாதந்தோறும் ஒரே அளவாகக் கூட்டிச் செல்வதே அதற்குக் காரணம். இரு முனைகளிலும் அளவு பொருந்துவதைப் பார்த்தால், இவ்விதியை வகுத்தவர்கள் வெயிலில் நின்று அளந்தவர்கள் என்பது விளங்கும்.

அதே கோலைத் தமிழகத்தில், வந்தவாசிப் பக்கம், நட்டால் வேறு விடை வருகிறது. கோடையில் நிழல் இரண்டு அடியை ஒட்டியே நிற்கிறது. குளிர்காலத்திலோ நான்கு அடி இல்லை. மூன்று அடிக்கும் சற்றுக் குறைவு. தெற்கே வரவரக் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வேறுபாடு சுருங்குவதும், குளிர்காலக் கதிரவன் உயர்ந்து நிற்பதுமே இதன் காரணம். வடக்கே எழுதிய எண்ணை அப்படியே தெற்கே பின்பற்றுபவர், தை மாதத்தில் பகலின் கால்பங்கு முடியுமுன்னரே முடிந்துவிட்டதாக எண்ணிவிடுவார். எண் மாறலாம், நிழலைப் பார்க்க வேண்டும் என்ற நெறி மாறாது.

பகல் கூடிக் குறைவதைச் சமண நூல்கள் நுட்பமாகவே ஆராய்ந்தன. சூரியபிரஜ்ஞப்தி என்னும் நூல் முப்பது முகூர்த்தம் கொண்ட நாளில் மிக நீண்ட பகல் பதினெட்டு முகூர்த்தம் என்றும், மிகக் குறுகிய பகல் பன்னிரண்டு முகூர்த்தம் என்றும் கூறும். ஓர் அயனத்துக்கு 183 நாள். ஒவ்வொரு நாளும் முகூர்த்தத்தை 61 கூறாக்கி அதில் இரண்டு கூறு பகல் கூடும் அல்லது குறையும். 183 நாளில் ஆறு முகூர்த்தம் சரியாக வந்துவிடும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் என்ற அளவு வரை சென்றது அந்த ஆராய்ச்சி. வேதாங்க ஜோதிடத்திலும் இதே விகிதம் காணப்படுகிறது. உண்மையில் மகதத்தின் மிக நீண்ட பகல் பதினேழு முகூர்த்தத்தைச் சற்றே தாண்டும். தமிழகத்தின் வடபகுதியில் அது பதினாறு முகூர்த்தமே. குறுகிய பகல் இங்கு பதினான்கே கால் முகூர்த்தம். ஆண்டு முழுவதும் சேர்த்தே ஒன்றரை மணி நேர வேறுபாடுதான்.

அந்நூல் கூறும் அளவின்படி இரவின் நான்கில் ஒரு பங்கே உறக்கம் என்று கொண்டால், பன்னிரண்டு முகூர்த்த இரவில் மூன்று முகூர்த்தம், அதாவது இரண்டு மணி 24 நிமிடம் உறக்கம். பதினெட்டு முகூர்த்த இரவில் நான்கரை முகூர்த்தம், அதாவது மூன்று மணி 36 நிமிடம். குளிர்காலத்தில் துறவியும் சற்று மிகுதியாக உறங்கினார்; அதைச் சோம்பலாகக் கருதாமல், கதிரவன் தந்த அளவாக ஏற்றனர். இரவில் நிழல் இல்லையே, அப்போது நேரம் அறிவது எப்படி என்று கேட்கலாம். இரவு முழுதும் வானில் செல்லும் நட்சத்திரம் எந்த மாதத்துக்கு எது என்று அவர்கள் அறிந்திருந்தனர். அது வானத்தின் நான்கில் ஒரு பங்கைக் கடந்ததும் முதற்பங்கு முடிந்ததாகக் கொண்டனர்.

விளக்கு ஏற்றிக்கொள்வது அவர்களுக்கு வழியன்று. நெருப்பிலும் உயிர் உண்டு என்பது சமணக் கொள்கை. சுடரில் வந்து விழும் பூச்சிகளையோ கண்ணாலேயே காணலாம். ஆகவே இரவு ஓதல் என்பது ஏடு விரித்துப் படிப்பதன்று. தத்துவார்த்த சூத்திரம் ஓதலை ஐந்தாகப் பகுக்கிறது: படித்தல், வினவல், சிந்தித்தல், பிழையற ஒப்பித்தல், அறம் உரைத்தல். படித்தலுக்கு ஒளி வேண்டும்; சிந்தித்தலுக்கும் ஒப்பித்தலுக்கும் வேண்டா. பகலில் கண்ணால் பெற்றதை இரவில் நெஞ்சால் காத்தனர். சித்தன்னவாசலிலும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் இன்றும் காணும் கற்படுக்கைகளில் இருள் சூழ்ந்த பின் கேட்ட ஒலி, மனப்பாடமாக ஓதிய ஒலியாகவே இருந்திருக்க வேண்டும்.

நடப்பதற்கும் பகலே எல்லை. கதிரவன் எழுந்து வழி தெளிந்த பின்னர், முன்னே ஒரு நுகத்தடி நீளம், அதாவது நான்கு முழம் பார்த்துக்கொண்டு நடப்பது ஈரியாசமிதி. உண்பதற்கும் பகலே எல்லை. கதிரவன் உதித்து மூன்று நாழிகை கழிந்த பின்னரும், மறைவதற்கு மூன்று நாழிகைக்கு முன்னரும், இடைப்பட்ட பொழுதில் ஒரே ஒரு முறை உண்க என்று மூலாசாரம் விதிக்கிறது. காலையில் 72 நிமிடமும் மாலையில் 72 நிமிடமும் பகலிலிருந்தே விலக்கப்பட்டன. கீழ்வானத்திலும் மேல்வானத்திலும் ஒளி சாய்ந்து மங்கியிருக்கும் வேளை அது. சோற்றில் விழுந்த சிற்றுயிர் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பௌருஷி என்பது நீளும், சுருங்கும். பகல் எவ்வளவோ அதில் கால்பங்கு. நாழிகையோ நீளாது, சுருங்காது. ஓதலும் தியானமும் பகலோடு சேர்ந்து விரியலாம், குறுகலாம். உயிர்க்கொலை நேரும் அச்சம் உள்ள இடத்தில் மட்டும் எல்லை உறுதியாக நிற்க வேண்டும். இருவகைக் காலத்தையும் இடமறிந்து பயன்படுத்தினர் முன்னோர்.

இதே சிக்கலை உலகின் மற்றொரு மூலையில் வேறொரு துறவோர் கூட்டமும் சந்தித்தது. இத்தாலியில் மாண்டே காசினோ என்னும் மலையில் மடம் அமைத்த புனித பெனடிக்ட், கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் தம் மடத்துக்கு ஒழுங்குநூல் ஒன்றை எழுதினார். இடைக்கால ஐரோப்பாவின் மடங்கள் பலவும் அதன்வழி நடந்தன. அவர்களுடைய காலக்கணக்கில் பகல் எப்போதும் பன்னிரண்டு மணி, இரவும் பன்னிரண்டு மணி. பகல் நீண்டால் மணியும் நீளும். பகல் குறுகினால் மணியும் குறுகும். மாண்டே காசினோவில் கோடையின் மிக நீண்ட பகல் பதினைந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே கோடையில் அவர்களின் பகல் மணி ஒன்று இன்றைய 75 நிமிடத்துக்குச் சற்று மிகுதி. குளிர்காலத்தில் 45 நிமிடத்துக்குச் சற்று மிகுதி. சமணர் அளவை நிலையாக வைத்து எண்ணிக்கையை மாற்றினர்; பகல் பன்னிரண்டு முகூர்த்தமாகவும் இருக்கலாம், பதினெட்டு முகூர்த்தமாகவும் இருக்கலாம். அவர்களோ எண்ணிக்கையை நிலையாக வைத்து அளவை மாற்றினர்.

அந்த ஒழுங்குநூல் குளிர்காலத்தில் துறவியர் இரவின் எட்டாம் மணியில் எழுந்தால் போதும் என்கிறது. நள்ளிரவைச் சற்றுத் தாண்டியும் உறங்கி, உணவு செரித்து எழட்டும் என்பது கருத்து. உண்ணும் வேளையும் பருவத்துக்குப் பருவம் மாறும். சில மாதங்களில் ஆறாம் மணி, சில மாதங்களில் ஒன்பதாம் மணி, தவக்காலத்தில் மாலை. ஆனால் எல்லாப் பருவத்துக்கும் பொதுவான விதி ஒன்று அதன் 41-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மாலை உணவை விளக்கொளி தேவைப்படாத வேளையில் அமைக்க வேண்டும். அனைத்தும் பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிட வேண்டும். இதைக் கேட்கும் சமணர் எவரும் சற்றுத் திகைப்பர். அங்கே காரணம் கொல்லாமை அன்று. மடத்தின் ஒழுங்கே காரணம். அவர்கள் சமணரிடமிருந்து கற்றதாகவும் கூற இயலாது. ஆயினும் கதிரவனோடு வாழ முற்பட்டவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் விளக்கு ஏற்றுமுன் கலத்தைக் கழுவிக் கவிழ்க்கும் வழக்கத்துக்கு வந்து சேர்ந்தனர்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் பளுவால் இயங்கும் கடிகாரங்கள் பரவின. இயந்திரத்துக்குக் கோடை தெரியாது, குளிர் தெரியாது. ஒரே அளவான மணி அதன் வழியாகவே மக்கள் வாழ்வில் புகுந்தது. இந்தியாவில் 1906-இல் நாடு முழுமைக்குமான பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஒட்டி அமைந்தது அந்நேரம். வந்தவாசி அதற்கு மேற்கே உள்ளது. ஆகவே அங்கே கதிரவன் உச்சிக்கு வரும் வேளையில் கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டைத் தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் காட்டும். கடிகாரத்தின் நண்பகல் வேறு, நிழலின் நண்பகல் வேறு.

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்பலாம். ‘ஆறு மணிக்குள் உண்டால் நோன்பு நிறைந்தது’ என்ற எண்ணம் சரியா? வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் ஆண்டிலேயே மிக முந்திக் கதிரவன் மறைவது நவம்பர் மாதத்தின் பிற்பாதியில். அப்போது மணி 5.40-ஐ ஒட்டியிருக்கும். மிகப் பிந்தி மறைவது ஜூலைத் தொடக்கத்தில், அப்போது 6.40-ஐ ஒட்டியிருக்கும். கார்த்திகையில் ஆறு மணிக்கு உண்பவர், தாம் அறியாமலேயே கதிரவன் மறைந்து கால்மணி நேரத்துக்குப் பின் உண்கிறார். ஆனியில் ஆறு மணி ஆகிவிட்டதென்று பசித்த பிள்ளையைத் தடுப்பவரோ, கதிரவன் நிற்கும்போதே தடுக்கிறார். மற்றொரு செய்தியும் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 22-ஐ ஒட்டி வந்தாலும், கதிரவன் மறையும் நேரம் அதற்கு ஒரு மாதம் முன்னரே பிந்தத் தொடங்கிவிடுகிறது. மார்கழியில்தான் மாலை மிக விரைவில் இருட்டும் என்ற எண்ணம் இப்பகுதிக்குப் பொருந்தாது. மகாவீரர் வீடுபேறு அடைந்த தீபாவளியை அடுத்து வரும் வாரங்களில்தான் மாலை உணவுக்கு மிகுந்த விழிப்பு வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். இலண்டனில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடும். ஜூனில் அங்குள்ள கடிகாரப்படி ஒன்பது மணிக்குப் பின்னரும் நிற்கும். அங்கே ‘ஆறு மணி’ என்ற விதி குளிர்காலத்தில் நோன்பைக் கெடுக்கும், கோடையில் பொருளற்றதாகும். நிழல் பார்த்த முனிவரின் நெறி ஒன்றே எங்கும் செல்லும்.

இல்லறத்தார் எல்லோரும் இதை ஒரே நாளில் நிறைவாகக் கைக்கொள்ள வேண்டும் என்று அறநூல்கள் வற்புறுத்தவில்லை. பகல் ஒளியில் பார்த்து உண்பதும் பருகுவதும் கொல்லாமை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் ஒன்று என்கிறது தத்துவார்த்த சூத்திரம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இரவுணவு நீக்கத்தை இல்லறத்தார் ஏறும் பதினொரு படிகளில் ஆறாவதாக வைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பண்டித ஆசாதரர் தம் சாகாரதர்மாமிருதத்தில், முன்னேறிய இல்லறத்தார் பகலின் முதல் முகூர்த்தத்தையும் இறுதி முகூர்த்தத்தையும் விலக்க வேண்டும் என்பார். தொடக்கநிலையில் உள்ளவர்க்கோ உணவைப் பகலில் உண்டு, நீரும் மருந்தும் தாம்பூலமும் இரவில் கொள்ள அவர் இடம் தருகிறார். படிகள் உண்டு, ஏறுபவரின் ஆற்றலுக்கு மதிப்பும் உண்டு.

அந்த இடத்தில் ஆசாதரர் கூறும் மற்றொரு கருத்தை இல்லங்கள் மறக்கலாகாது. தம்மைச் சார்ந்திருப்போரையும், பிழைக்க வழியின்றி வருந்துவோரையும் உண்பித்த பின்னரே ஒருவர் தாம் பகலில் உண்ண வேண்டும் என்பது அது. இன்றைய வீட்டில் இது யாரைக் குறிக்கும்? அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்குத் திரும்பும் மருமகளைக் குறிக்கும். பெரியவரின் நோன்புக்காக நான்கு மணிக்கே அடுப்படியில் நின்று, தாம் உண்ண நேரமின்றிப் போகும் தாயைக் குறிக்கும். சமையலுக்கு உதவ வரும் பணிப்பெண்ணையும் குறிக்கும். ஒருவர் நோன்பு நிறைவேற மற்றொருவர் பசித்திருந்தால், அந்நோன்பு பாதிதான் நிறைந்தது. ஆகவே இதை வீட்டில் உள்ளோர் கூடிப் பேசி அமைத்துக்கொள்ள வேண்டும். பிந்தி வருபவர் கையில் பகலிலேயே உண்ணத்தக்க உணவைக் கொடுத்தனுப்பலாம். விடுமுறை நாளிலேனும், பர்வ நாள்களிலேனும், சாதுர்மாசத்திலேனும் குடும்பம் முழுதும் ஒன்றாக அமர்ந்து பொழுதிருக்கையில் உண்ணலாம். சமைக்கும் வேலையை ஆடவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளலாம்.

பிள்ளைகளுக்குக் கற்பிக்க எளிய வழி ஒன்றும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை, மாடியிலோ கோயில் முற்றத்திலோ காலை வெயிலில் பிள்ளையை நிறுத்தி, அதன் நிழலை அதன் பாதத்தாலேயே அளக்கச் செய்யலாம். ஒரே மணிக்கு அளந்து குறித்துவந்தால், ஆடியில் குறுகியும் தையில் நீண்டும் நிழல் மாறுவதைப் பிள்ளை தானே காணும். மாலையில் கதிரவன் மறையும் இடம் தெற்கும் வடக்குமாக நகர்வதையும் காணும். அதன் பின் ‘ஏன் இருட்டுமுன் உண்ண வேண்டும்?’ என்று கேட்டால், விடையைக் கண்முன்னே காட்டலாம்: ஒளி இருக்கையில் சோற்றில் உள்ளது தெரிகிறது, மங்கியபின் தெரிவதில்லை.

கழுகுமலைப் பாறைமேலும் சித்தன்னவாசல் குன்றின்மேலும் விழும் வெயில் இன்றும் அதேதான். ஒன்றும் உடைமையில்லாத முனிவர் தம் நிழலைப் பார்த்து அறிந்த பொழுதை, எல்லாம் உடைய இல்லறத்தாரும் அறியலாம். நாளை மாலை கலத்தில் சோறிடுமுன், கடிகாரத்தைப் பார்க்கும் கண் ஒருமுறை மேற்கு வானத்தையும் பார்க்கட்டும். ‘பொழுது இருக்கிறதா?’ என்ற கேள்வி மீண்டும் இல்லங்களில் ஒலிக்கட்டும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. அறம் வளர்க.